பச்சை வண்டி குடித்த புகைச்சல்

கோரைத்துறையில் லிகோரி எஞ்சினியரின் பச்சை வண்டி ஊரின் புகைச்சலையெல்லாம் உறிஞ்சிக் குடித்த அந்த வருஷம், திருவிழாவில் யார் முதலில் தேர்வடம் பிடிப்பது என்று ஒரு சண்டையும் நடக்கவில்லை, பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க எதிராளி கிடைக்கவில்லை, அந்தோணிப்பிச்சையின் டீக்கடையில் பேச ஒரு விஷயமும் இல்லாமல் ஆட்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள், அதுவும் பெய்யாத மழையைப் பற்றி. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்கள் ஊர்க் கார்கள் வெறும் பெட்ரோல் குடிக்கிறதுகள்.

வண்டியைச் சொல்லுமுன் வண்டிக்காரரைச் சொல்ல வேண்டும். லிகோரி சரக்குக் கப்பலில் எஞ்சினியராக உலகம் சுற்றியவர். ஒரு தடவை ஊர் திரும்பும்போது எல்லோரும் சோப்பும் சென்ட்டும் கொண்டு வருகிற இடத்தில் அவர் கலிபோர்னியாவிலிருந்து எட்டு சிலிண்டர் கார் ஒன்றைக் கொண்டு வந்து துறைமுகத்தில் இறக்கினார். ஸ்டீயரிங் இடது பக்கம், முன்சீட்டு ஒரே நீள பெஞ்சு, ஒரு சின்னக் குடும்பம் அதில் படுத்துத் தூங்கலாம். அந்த முன்சீட்டில் வந்த நாள் முதலாக அவருடைய அம்மா சலேத்தம்மாள் வெற்றிலைப் பெட்டியோடு ஏறி உட்கார்ந்துகொண்டாள். பெண்டாட்டி ஜெனோவா டீச்சர் பின்சீட்டில் உட்கார்ந்தார். சலேத்தம்மாள் செத்து அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கு லிகோரி தன் பெண்டாட்டியோடு பேசுவதை நிறுத்தினார். ஏன் என்று சொல்லவில்லை. சாகும்வரை பேசவில்லை. ஊரில் மற்ற எல்லோரோடும் பேசினார், மீன் விலை கேட்டார், பூசையில் பாட்டுப் பாடினார், சாயங்காலமானால் ஷெட்டுக்குள் போய் வண்டியைத் துடைத்துக்கொண்டே அதனோடு மணிக்கணக்காகப் பேசினார், டீச்சர் ஷெட்டுக் கதவில் காதை வைத்துக் கேட்டால் வாய் மூடிக்கொண்டார்.

ஜெனோவா டீச்சர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர், மைக் கெட்டுப்போன நாளிலும் பிரேயர் நடத்தியவர். அந்த மௌனத்தைப் பார்த்து வருஷக்கணக்கில் கத்தினார், தட்டைப் போட்டு உடைத்தார், புருஷன் செத்த பிறகு போட்டோவைப் பார்த்தும் தினமும் கேட்டார். "ஏன் பேசல? அதை மட்டும் சொல்லிட்டுப் போயிருந்தா என்ன?" என்று. தெருவே கேட்டது. போட்டோ பதில் சொல்லவில்லை, உயிரோடு இருந்தவரே சொல்லாதபோது அதைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அப்படி இருக்கையில்தான் பழைய வண்டிகளெல்லாம் வருஷக் கடைசிக்குள் புகைச் சான்று வாங்க வேண்டும், வாங்காத வண்டி காயலான் கடைக்கு என்று உத்தரவு வந்தது. டீச்சருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, போக ஒரு இடமும் கிடையாது. ஆனால் அவர் புருஷன் பேசிய பேச்சையெல்லாம் கேட்ட ஒரே ஆள் அந்த வண்டிதான். அதையும் தகடு தகடாக அறுத்து எடைக்குப் போட்டுவிட்டால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது? மெக்கானிக் பால்வண்ணனைக் கூப்பிட்டு விட்டார்.

பால்வண்ணன் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"இது பாஸாகணும்னா கம்பெனிக்காரன் மாட்டி அனுப்புன சாமான் பூராத்தையும் திரும்ப மாட்டணும் டீச்சர். காத்து ஊதுற பம்பு, விட்ட புகையில பாதியத் திருப்பி எஞ்சின் வாய்க்குள்ளயே தள்ளுற வால்வு, அப்புறம் கரி டப்பா."

"கரி டப்பான்னா?"

"உள்ள கரி இருக்கும். பெட்ரோல் ஆவிய வெளிய விடாம முழுங்கி வச்சுக்கிடும். வண்டி ஓடும்போது எஞ்சின் அதை உறிஞ்சி எரிச்சுரும்."

"முழுங்கி வச்சுக்கிடுமா? அப்ப அது எங்க வீட்டுக்காரவுக சாதிதான். சரி, இந்தச் சாமானெல்லாம் எங்கல போச்சு?"

"நாந்தான் கழட்டுனேன்."

"எதுக்குல கழட்டுன?"

"எல்லாரும் கழட்டுவாவ டீச்சர். புகைய அடக்குனா இழுவை வராது. கழட்டிட்டு டம்மி அடிச்சுரது."

டம்மி அடிப்பது எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு மூச்சு விடுவது மாதிரி. எது என்னவென்று தெரியாவிட்டால் கழற்று, கழற்றிய ஓட்டையை அடை. பால்வண்ணன் அடைப்பதற்கு நாலணாக் காசு வைப்பான், குழாய்க்கு அது கச்சிதமாக இருக்கும். அவன் தொழில் பழகிய காலத்தில் இந்த ஊர் வண்டிகளில் பாதி அரசாங்கத்தின் நாலணாவை விழுங்கிக்கொண்டுதான் ஓடின.

கழற்றிய சாமான்கள் ஊரை விட்டுப் போகவில்லை, எங்கள் ஊரில் எதுவும் போகாது. காற்றுப் பம்பு சைக்கிள் கடையில் கால்பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தது. திருப்பி விடுகிற வால்வு அந்தோணிப்பிச்சையின் கடையில் பேப்பர் பறக்காமல் கனம் வைக்க உதவியது. ரப்பர் குழாய்களில் நல்லதாக ஒன்று கோயிலில் பூசைச் சாமான் அறையில் இருந்தது. உபதேசியார் அதைக் கொண்டு பூசைக்கான திராட்சை ரசத்தைப் பீப்பாயிலிருந்து உறிஞ்சி இறக்குவார், இறக்கும்போது கொஞ்சம் தொண்டைக்குள் போவதைத் தடுக்க முடியாது என்றும் சொல்லுவார். அதைப் பிடுங்கத்தான் பெரும்பாடு பட வேண்டியிருந்தது. கரி டப்பாவைத் தேட வேண்டியிருக்கவில்லை. கறுப்பாக, மூன்று மூக்கோடு, பால்டப்பாவை விடப் பெரிதாக, அது டீச்சர் வீட்டுப் படுக்கையறைக் கதவு கடற்காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க முட்டுக்கொடுத்துக்கொண்டு அங்கேயே கிடந்தது. லிகோரிதான் கொண்டு வந்து வைத்தார். டீச்சர் கத்துகிற நேரமெல்லாம் அவர் அந்தக் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து, சொல்ல வந்ததை முழுங்கி முழுங்கி, அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றையும் கழுவி, வயர் பிரஷ் போட்டு, பெயிண்டு அடித்து, பால்வண்ணன் மாட்டி முடித்த வாரம் ஊருக்குப் புகை சோதிக்கும் வேன் வந்தது. வேன்காரன் ஷாகுல் சைலன்ஸருக்குள் கம்பியை விட்டு, வண்டியை உறுமச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தான். எண் இறங்கியது. பூஜ்யத்துக்கு வந்தது. அதற்கும் கீழே போனது.

"அண்ணாச்சி, இது புகை விடல. இழுக்குது."

"நல்லதுதான? சர்ட்டிபிகேட்ட அடி."

"கம்ப்யூட்டர் மைனஸ் எடுக்காது. கொஞ்சமாச்சும் புகை விட்டாத்தான் பாஸ்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஷாகுல் நெஞ்சைத் தடவினான். அவனுக்கு ஒரு மச்சான் உண்டு, கல்யாண ஆல்பத்தில் இவன் தலை வராதபடி படத்தை வெட்டி ஒட்டியவன். அன்றிலிருந்து ஷாகுலுக்கு அவன் பெயரைக் கேட்டாலே சோறு இறங்காது. இப்போது அந்த மச்சானைப் போனில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க, பிரியாணி போடச் சொல்லுதேன் என்றான். போனை வைத்துவிட்டு அவனே போனைப் பார்த்தான். பக்கத்தில் குனிந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அந்தோணிப்பிச்சைக்கு, எதிர்க்கடைக்காரன் மேல் இருந்த வயிற்றெரிச்சல் எங்கே என்று தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

பால்வண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது. "கலிபோர்னியாக்காரன் புகைய முழுங்குன்னு சொல்லி அனுப்பிருக்கான். இது நம்ம ஊருல இத்தனை வருஷம் கெடந்திருக்குல்லா, தமிழ் தெரியாமலா இருக்கும்? புகைச்சல்னு எடுத்துக்கிட்டுது" என்றான். அதைவிட நல்ல விளக்கம் யாரிடமும் இல்லை.

மறுநாளிலிருந்து ஷெட்டு வாசலில் வரிசை. பங்காளிகள் வந்தார்கள், ஒரே சுவருக்காகக் கோர்ட்டுக்குப் போன அண்ணன் தம்பி வந்தார்கள், நாத்தனார்களும் மைனிகளும் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி வந்து வரிசையில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சைலன்ஸருக்குப் பின்னால் போய் நிற்பார்கள், பால்வண்ணன் ஆக்சிலேட்டரை மிதிப்பான், வண்டி ஒரு இழுப்பு இழுக்கும், தலையிலிருந்து மூட்டையை இறக்கியவர்கள் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். வாய்விட்டுச் சண்டை போட்ட கோபத்தை வண்டி தொடாது. அதெல்லாம் நெருப்பு, எரிந்து தீர்ந்தது. சொல்லாமல் உள்ளே வைத்துப் புகைந்ததை மட்டும்தான் இழுத்தது. வடக்குத் தெரு மார்த்தாள் தினமும் வந்தாள். "நேத்துதானம்மா இழுத்துச்சு" என்று பால்வண்ணன் கேட்டால், "மருமவ தினம் புதுசாச் செய்யுதா, நான் என்ன செய்ய?" என்பாள்.

ஃபாதர் ஸ்தனிஸ்லாஸின் பாவசங்கீர்த்தனப் பெட்டிக்கு ஆள் வருவது நின்றுபோனது. வந்த ஒன்றிரண்டு பேரும் மிட்டாய் திருடியது மாதிரி சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு மத்தியானம் அவர் தீர்த்தச் செம்போடு ஷெட்டுக்கு வந்து வண்டியை மந்திரிக்க வந்தேன் என்றார். மந்திரிக்கிறவர் பின்பக்கமாகப் போய் நின்றதும், பால்வண்ணன் ஒன்றும் கேட்காமல் ஆக்சிலேட்டரை மிதித்தான். இந்த உப்புக்காட்டுக்குத் தன்னை மாற்றிப் போட்ட ஆயர் மேல் அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே இழுப்பில் போனது. அவ்வளவு கறுப்பாக யார் உள்ளேயிருந்தும் வரவில்லை என்று பால்வண்ணன் பிறகு டீக்கடையில் சொன்னான்.

ஊர் சந்தோஷமாக இருந்தது, சந்தோஷத்தில் கொஞ்சம் மந்தமாகவும் இருந்தது. கோயில் பாட்டுக் குழுவில் இரண்டு கோஷ்டி ஒன்றை ஒன்று அமுக்கப் பாடியதால்தான் பாட்டு தூக்கலாக இருந்திருக்கிறது, இப்போது எல்லோரும் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துப் பாடியதில் ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.

ஜெனோவா டீச்சர் மட்டும் ஒரு நாளும் பின்னால் போய் நிற்கவில்லை. "எனக்கு என்னல புகைச்சல்? நான் எதையாவது சொல்லாம வச்சிருக்கேனா?" என்றார். எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள், ஊரே காது கொடுத்துக் கேட்டதுதானே. அவருடைய கவலை வேறு. வருஷம் முடியப்போகிறது, சான்று இல்லை, வண்டி காயலான் கடைக்குப் போனால் அவருக்கும் அந்த மனுஷனுக்கும் நடுவில் இருந்த கடைசி ஆளும் போச்சு.

"இத மைனஸ்ல இருந்து ஏத்து பால்வண்ணா."

"ஊரு விடாது டீச்சர்."

ஊர் விடவில்லைதான். பஞ்சாயத்துத் தலைவர், எதிராளியே இல்லாமல் ஜெயித்தவர், வண்டி ஊர்ச் சொத்து மாதிரி ஆகிவிட்டது என்றார். "ஊர்ச் சொத்தா? அப்ப நான் பின்னால நின்ன சீட்டுக்கும் வரி கட்டுதீங்களா?" என்று டீச்சர் கேட்டார். அது உட்கார்ந்த சீட்டு என்றிருக்க வேண்டும், கோபத்தில் வாய் குழறியது. அதை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு வண்டிக்கு விக்கல் எடுத்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுப்பதற்குப் பதில் ஏப்பம் விட்டது, பின்னால் நின்றவர்கள் வந்ததைவிடக் கனத்தோடு திரும்பினார்கள். மார்த்தாள் மருமகளோடு மருமகளின் அம்மாவையும் சேர்த்துத் திட்ட ஆரம்பித்தாள். பால்வண்ணன் கரி டப்பாவைத் தட்டிப் பார்த்தான், கெட்டியான சத்தம் வந்தது. நிரம்பிவிட்டது. முழுங்கியதை எஞ்சின் உறிஞ்சி எரிக்க வேண்டுமே, ஏன் எரிக்கவில்லை என்று டப்பாவிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாயை உருவிக் குலுக்கினான். ஒரு நாலணாக் காசு விழுந்தது.

"பழசுல வச்சதால?" என்று டீச்சர் கேட்டார்.

பால்வண்ணன் தரையைப் பார்த்தான். "குழாய் புதுசு டீச்சர். அன்னைக்கு மாட்டும்போது என் கை தானா வச்சிருக்கு. நாலணா செல்லாமப் போயி எத்தனை காலமாச்சு, அது எப்பிடி என் சட்டைப் பையில இருந்துச்சுன்னே தெரியல."

இனிச் செய்யக் கூடியது ஒன்றுதான். வண்டியை நன்றாக விரட்ட வேண்டும், விரட்டினால்தான் டப்பா காலியாகும். ஹைவே பெட்ரோல் பங்கில் ஷாகுலின் வேன் நிற்கிறது, உப்பளத்து ரோட்டில் விரட்டிக்கொண்டே போய்ச் சோதனையும் முடித்துவிடலாம். சனிக்கிழமை காலையில் பால்வண்ணன் ஸ்டீயரிங்கில் உட்கார, டீச்சர் குடையோடு எப்போதும் போலப் பின்சீட்டில் ஏறினார். ஊரே ரோட்டோரம் நின்று, கடன் வாங்கிய மாப்பிள்ளையை வழியனுப்புகிற முகத்தோடு பார்த்தது.

அன்றைக்குக் காலம் தப்பி மேற்கே இருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்ததை ஒருவரும் யோசிக்கவில்லை, கடலில் பிறந்து வளர்ந்தவர்கள் என்று பெயர். உப்பளம் தாண்டி வேகம் எடுத்ததும் வண்டி முழுங்கியதையெல்லாம் பின்பக்கமாக விட ஆரம்பித்தது, கடைசியில் போனது முதலில், முதலில் போனது கடைசியில் என்று கறுப்பும் நீலமும் மஞ்சளுமாக, எரிந்தது பாதி எரியாதது பாதியாக. கச்சான் அதை வாரிக்கொண்டு போய் ஊருக்குள் கொட்டியது. காற்றுக்கு விலாசம் தெரியாது. அவரவர் புகைச்சல் அவரவருக்குப் போகவில்லை. ஃபாதர் ஸ்தனிஸ்லாஸுக்கு மார்த்தாளின் மருமகள் மேல் கோபம் வந்து, மறுநாள் பிரசங்கத்தில் தேங்காயைக் கொரகொரவென்று அரைக்கிறவர்களைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். மார்த்தாளுக்கு ஆயரைக் கண்டால் ஆகாமல் போனது, அவள் ஆயரைப் பார்த்ததே இல்லை. அந்தோணிப்பிச்சை யாரென்றே தெரியாத ஷாகுலின் மச்சானை நினைத்துப் பல்லைக் கடித்தான். முதலில் குழப்பமாகத்தான் இருந்தது. பிறகு ஊர் பழகிக்கொண்டது. அடுத்தவன் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது மாதிரிதான் அடுத்தவன் புகைச்சலும், கை வலித்தால் இறக்கி விட்டுவிடலாம். சாயங்காலங்களில் டீக்கடையில், உம்மகிட்ட எனக்குள்ளது ஏதும் வந்துச்சாவே என்று கேட்டு மாற்றிக்கொண்டார்கள், பேச விஷயம் கிடைத்தது, பாட்டுக் குழுவிலும் சத்தம் வந்தது.

வண்டிக்குள்ளே நடந்தது வேறு. ஊருடையதெல்லாம் தீர்ந்து அடியில் இருந்தது வர ஆரம்பித்தபோது அது சைலன்ஸர் வழியாகப் போகவில்லை. டேஷ்போர்டின் காற்று ஜன்னல் வழியாக மெல்ல உள்ளே வந்தது. கிரீஸ் வாசமும் கப்பல் சோப்பு வாசமும் அடித்தது. அது பால்வண்ணனைச் சுற்றிக்கொண்டு பின்சீட்டுக்குப் போனது, மற்றவர்களுக்குப் போனது போலவே ஜெனோவா டீச்சரின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது.

டீச்சர் தன்னையே பார்த்தார், லிகோரியின் கண்ணால். கல்லறைத் தோட்டத்து வாசல். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு அந்த மனுஷன் முன்னால் வந்து வண்டியின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். முன்சீட்டு முதல் தடவையாகக் காலியாக இருக்கிறது. வெற்றிலைக் கறையைக் கூட அன்று காலையில் அவரே துடைத்திருக்கிறார். வெள்ளைச் சேலை கட்டிய பெண்டாட்டி வருகிறாள், திறந்த கதவைத் தாண்டிப் போகிறாள், பின்கதவைத் தானே திறந்து ஏறி, டாக்ஸியில் உட்கார்வது மாதிரி உட்காருகிறாள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு முன்கதவை மூடுகிறார்.

அவ்வளவுதான். அத்தனை வருஷமும் அவ்வளவுதான்.

"இதுக்கா?" என்று டீச்சர் போட்ட சத்தத்தில் பால்வண்ணன் ஸ்டீயரிங்கை விட்டான். "இதுக்கா வே? கதவத் தொறந்தா ஆச்சா? ‘வா ஜெனோ, முன்னால உக்காரு'ன்னு வாயில வராதா? எங்கம்மா எடம் காலியாயிருச்சு வான்னு கூப்பிட்டா நாக்கு வெந்துருமா? நீங்க கூப்பிடுவீகன்னுதான பின்னால உக்காந்தேன்! கூப்பிடட்டும் கூப்பிடட்டும்னு எத்தனை வருஷம் உக்காந்தேன், எனக்குத்தான் தெரியும்!"

எதையும் சொல்லாமல் வைத்திராத ஜெனோவா டீச்சர் அந்த ஒன்றை மட்டும் ஒருத்தரிடமும் சொல்லியிருக்கவில்லை, போட்டோவிடம்கூட. சொல்லி முடித்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"நான் என்ன டீச்சர் செஞ்சேன்?" என்றான் பால்வண்ணன்.

"உன்னைய இல்லல. வண்டிய நிறுத்து."

உப்பளத்து வெயிலில் டீச்சர் இறங்கினார். பால்வண்ணன் ஓடிவந்து முன்கதவைத் திறக்கக் கை நீட்டினான். "நீ தொறக்காத" என்றார். வெகுகாலமாக ஆள் ஏறாத கதவு, பிடித்துக்கொண்டிருந்தது. குடையை மண்ணில் ஊன்றிவிட்டு இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து, ஏறி உட்கார்ந்து, வண்டியே ஆடும்படி அடித்து மூடினார். "இப்பப் போ" என்றார்.

பெட்ரோல் பங்கில் பால்வண்ணன் இறங்கிப் போய் வேன் பக்கம் நின்றான். டப்பாவில் ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லை, பூஜ்யம் காட்டினாலும் மறுபடி பெயில்தான். ஷாகுல் கம்பியை விட்டான். கம்ப்யூட்டரில் பூஜ்யத்துக்குச் சற்று மேலே, சட்டம் விரும்புகிற அளவுக்கு, ஒரு சின்ன எண் வந்து நின்றது.

"பாஸ். ஆனா டப்பா காலின்னு சொன்னீங்க, இது எங்க இருந்து வருது அண்ணாச்சி?"

பால்வண்ணன் வண்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அது அவுகளுக்குள்ள. நீ அடி" என்றான்.

சான்றில் வண்டியின் முன்பக்கப் படம் வேண்டும் என்று ஷாகுல் போனில் ஒரு படம் எடுத்து அதிலேயே அச்சடித்துக் கொடுத்தான். இன்றைக்கும் அது கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம். பச்சை பானட், துலக்கிய நம்பர் பலகை, கண்ணாடிக்குப் பின்னால் முன்சீட்டில் ஜெனோவா டீச்சர். டிரைவர் சீட்டில் ஆள் இல்லை. டீச்சர் அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பி, ஒரு விரலை நீட்டி, வாயைத் திறந்து எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறார், கன்னம் இன்னும் காயவில்லை. அந்தச் சான்று ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். முடிகிற தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே டீச்சர் பவுடர் போட்டு, நல்ல சேலை கட்டி, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஹாரனை அடிக்கிறார், பால்வண்ணன் வருகிற வரைக்கும்.